ஒரே பானை, மூன்று நிறம்

தீபாவளிக்குத் துணி எடுக்க அம்மாவோடு கடைக்குப் போயிருப்பீர்கள். சேலைப் பிரிவில் நிற்கும் அண்ணன்மார் நிறங்களுக்குச் சொல்லும் பெயர்களைக் காது கொடுத்துக் கேட்டதுண்டா? அரக்கு, மாந்துளிர், கடுகு, வெங்காயச் சருகு, செங்கல், தேன், காப்பிக்கொட்டை! உங்கள் வண்ணப் பென்சில் டப்பாவில் இவற்றில் ஒன்றுகூட இருக்காது. இந்தக் கூட்டத்துக்கு இப்போது ‘மண் நிறங்கள்’ என்று ஒரு பொதுப்பெயர் வந்திருக்கிறது. குர்தா, துப்பட்டா, பாவாடை, சேலை என்று எதைப் புரட்டினாலும் இவைதான் கண்ணில் படுகின்றன.

‘கதகதப்பான நிறங்கள்’ என்றும் சிலர் சொல்வார்கள். முதலில் அந்தப் பெயரைக் கொஞ்சம் விசாரித்துவிடுவோம். தணலும் மாலைச் சூரியனும் இந்த நிறங்களில் இருப்பதால், சிவப்பு என்றாலே சூடு என்று நம் மனசு முடிச்சுப் போட்டுவிட்டது. வானத்தில் கணக்கு நேர்மாறு. செக்கச் செவேல் என்று தெரியும் திருவாதிரை நட்சத்திரத்தின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 3,500 கெல்வின்தான். நீலம் கலந்த வெள்ளையாகத் தெரியும் சித்திரை நட்சத்திரத்துக்கோ 20,000 கெல்வினுக்கும் மேல்! செங்கல் நிறக் குர்தா போட்டால் மார்கழிக் குளிர் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குளிருக்கு வேண்டியது தடித்த துணி.

இன்னொரு வேடிக்கை. வானவில்லில் பழுப்பு நிறத்தைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. பழுப்புக்கென்று தனியாக ஓர் ஒளி இல்லை. மங்கலான ஆரஞ்சு ஒளி, தன்னைவிடப் பிரகாசமான பொருள்களுக்கு நடுவே இருக்கும்போது நம் மூளை அதைப் ‘பழுப்பு’ என்று படித்துக்கொள்கிறது. நம்பிக்கை இல்லையா? கறுப்புக் காகிதத்தைக் குழலாகச் சுருட்டுங்கள். நல்ல வெளிச்சத்தில் ஒரு பழுப்புத் துணியை விரித்து, துணியைத் தவிர வேறெதுவும் தெரியாதபடி குழல் வழியே ஒற்றைக் கண்ணால் பாருங்கள். பக்கத்தில் ஒப்பிட ஒன்றும் இல்லாததால், பழுப்பு மெல்ல ஆரஞ்சுப் பக்கமாக நகர்ந்துவிடும். குழலை எடுத்தால் மறுபடி பழுப்பு!

சரி, மண்ணுக்கு வருவோம். செம்மண் ஏன் சிவப்பு? அதில் இருக்கும் இரும்பு, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாகிவிட்டது. காவிக்கல்லும் அப்படித்தான். அதே இரும்பு, ஆக்சிஜனோடு நீரும் சேர்ந்த வேறொரு வடிவத்தில் இருந்தால் மண் மஞ்சளாகத் தெரியும். காவிக்கல்லை அரைத்து, நீரில் கலக்கி, வேட்டியை முக்கி எடுத்தால் காவி வேட்டி தயார். ஆனால் அதைத் துவைத்தால் வாளித் தண்ணீரும் காவியாகிவிடும். காரணம் எளிது. காவி நீரில் கரைவதில்லை. பொடியாகவே மிதந்து, நூலின் இண்டு இடுக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். துவைக்கத் துவைக்க எழுந்து போய்விடும்.

மஞ்சள் பொடியின் கதை வேறு. பள்ளிச் சட்டையில் சாம்பார் சிந்தி, அம்மாவிடம் திட்டு வாங்காத பிள்ளை உண்டா? அந்தக் கறையில் சோப்புப் போட்டதும் அது திடீரென்று சிவப்பாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள், சோப்பு போன்ற காரப் பொருள் பட்டால் சிவக்கும். அலசினால் மறுபடி மஞ்சளாகிவிடும். சோப்பு போட்டுத் தீராத அந்தக் கறையைக் கொடியில் வெயில்படக் காயப்போட்டால் ஓரிரு நாளில் வெளுத்துவிடும். குர்குமின் நூலைப் பிடித்துக்கொள்வதில் கெட்டி, வெயிலைத் தாங்குவதில் சோப்ளாங்கி. ஆக, மஞ்சளை மட்டும் நம்பி ஒரு சேலைக்குச் சாயம் ஏற்றினால் அடுத்த பொங்கலுக்குள் அது வெளிறிப் போயிருக்கும்.

அப்படியானால் துவைத்தாலும் போகாத, வெயிலிலும் வெளுக்காத சிவப்பு எங்கிருந்து வந்தது? கடற்கரை மணலில் படர்ந்து கிடக்கும் ஒரு சின்னஞ்சிறு செடியிலிருந்து. ஒரு சாண் உயரம், பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. பார்த்தால் களை என்று பிடுங்கிப் போட்டுவிடுவீர்கள். சித்த வைத்தியர்கள் இதை இம்பூறல் என்பார்கள். சாயம் போடுகிறவர்களுக்கு இது சாயவேர். பெயரிலேயே இருக்கிறது, விஷயமெல்லாம் வேரில். மணலுக்குள் ஆழமாக இறங்கும் அந்த மெல்லிய வேரின் பட்டையில் அலிசரின் என்ற சாயப்பொருள் இருக்கிறது. ஆந்திரக் கடற்கரையிலிருந்து ராமநாதபுரம் வரை, அங்கிருந்து கடல் தாண்டி மன்னார், யாழ்ப்பாணம் வரை இந்த வேரைத் தோண்டி எடுத்து விற்றிருக்கிறார்கள். இலங்கையில் டச்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் இந்த வேர் வியாபாரத்தைத் தங்கள் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். அத்தனை மதிப்பு!

சிவப்புச் சாயம் தரும் வேர் இது ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். மலைப்பகுதியில் கொடியாக ஏறும் மஞ்சிட்டியின் வேரும் தரும். நம் ஊர் வேலியோரம் நிற்கும் நுணா மரத்தின் வேர்ப்பட்டையும் தரும். இந்த மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். அதே குடும்பத்தில் இன்னும் இரண்டு பேரை உங்களுக்கு நன்றாகத் தெரியும்: காப்பிச் செடியும், தேன் உறிஞ்சுவதற்காக நீங்கள் பறிக்கும் இட்லிப்பூச் செடியும்! எப்பேர்ப்பட்ட சொந்தபந்தம் பாருங்கள்.

இப்போது முக்கியமான சிக்கல். சாயவேரை இடித்துக் கொதிக்க வைத்து, அதில் வெள்ளைப் பருத்தித் துணியைப் போட்டால் என்ன ஆகும்? ஏமாற்றம்தான். லேசான அழுக்கு நிறம் ஒட்டும், அலசினால் பெரும்பாலும் போய்விடும். அலிசரினுக்குப் பருத்தி நூலைப் பிடித்துக்கொள்ளத் தெரியாது. இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் தேவை. கூட்டமான பேருந்தில் கம்பியை ஒரு கையால் பிடித்து, மறு கையால் தம்பியை இறுக்கிப் பிடித்திருக்கும் அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பி நூல், தம்பி சாயம். அக்கா யார் தெரியுமா? படிகாரம்! கண்திருஷ்டிக்குக் கடை வாசலில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்களே, அதே படிகாரம். அதிலுள்ள அலுமினியம் ஒருபக்கம் நூலோடும் மறுபக்கம் அலிசரினோடும் பிணைந்துகொள்கிறது. அப்போதுதான் நல்ல சிவப்பு பிறக்கிறது.

இந்த வேலையைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கலம்காரி, அதாவது துணியில் எழுதுகோலால் வரைந்து சாயம் ஏற்றும் வேலை, நடக்கும் ஊருக்குப் போக வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் கருப்பூரிலும் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் உண்டு. திருப்பதிக்குப் பக்கத்தில் ஸ்ரீகாளஹஸ்தியில் நிறையப் பேர் செய்கிறார்கள். அங்கே சொர்ணமுகி ஆற்றோரத்தில் வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

வெளுக்காத பருத்தித் துணியை முதலில் சாணம் கரைத்த நீரில் ஊறவைப்பார்கள். முகம் சுளிக்காதீர்கள்! பிறகு அலசி, வெயிலில் விரித்து, காயக் காய நீர் தெளிப்பார்கள். ஈரத்தோடு வெயில் படும்போது துணியின் மங்கல் வெளுக்கும். அடுத்தது கடுக்காய். கடுக்காயை இடித்து, எருமைப்பாலில் கலக்கி, துணியை அதில் முக்கிப் பிழிந்து காயப்போடுவார்கள். கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணமான டானின் என்ற பொருள் நூலில் ஏறிக்கொள்ளும். உலோகங்களைப் பிடித்து வைக்கும் வேலை அதனுடையது. பால் எதற்கு என்று கேட்கிறீர்களா? பாலில் கொழுப்பும் புரதமும் உண்டு. அவை நூலில் படிந்திருந்தால், துணியில் வரையும் கோடு மை உறிஞ்சும் தாளில் போலப் பரவாமல் அதே இடத்தில் நிற்கும். பசும்பாலைவிட எருமைப்பாலில் கொழுப்பு அதிகம். அந்தக் காலத்தில் இதையெல்லாம் யாரும் சோதனைக்கூடத்தில் அளந்து பார்த்துச் சொல்லவில்லை. செய்து செய்தே கண்டுகொண்டார்கள்.

இனி எழுதுகோல். மூங்கில் குச்சியின் நுனியைக் கூராக்கி, அதற்குச் சற்று மேலே கம்பளித் துணியைப் பந்துபோலச் சுற்றி நூலால் கட்டியிருப்பார்கள். பந்து மையைக் குடித்து வைத்துக்கொள்ளும். விரலால் அதை லேசாக அழுத்தினால் மை நுனிக்கு வழியும். இந்த மை எது? துருப்பிடித்த இரும்புத் துண்டுகள், வெல்லம், தண்ணீர் மூன்றையும் ஒரு பானையில் போட்டு வாரக்கணக்கில் புளிக்க வைத்த நீர். ஸ்ரீகாளஹஸ்தியில் இதற்குக் கசிமி என்று பெயர். வெல்லம் புளித்து அமிலமாகும், அந்த அமிலம் இரும்பைக் கரைக்கும். பானையில் இருக்கும்போது அது கலங்கிய பழுப்பு நீர்தான். கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கோடு கறுத்துவிடும்! இரும்பும் டானினும் சேர்ந்தால் கருமை. மண்ணில் சிவப்பைத் தருகிற அதே இரும்பு, துணியில் கறுப்பைத் தருவதைக் கவனித்தீர்களா?

அடுத்து, எங்கெல்லாம் சிவப்பு வேண்டுமோ அங்கெல்லாம் படிகார நீரைத் தீட்டுவார்கள். படிகார நீருக்கு நிறமே கிடையாது. சும்மா தண்ணீரைத் தொட்டு வரைவதுபோலத்தான் இருக்கும். பழுப்பு வேண்டிய இடத்தில் படிகார நீரோடு கொஞ்சம் இரும்பு நீரைக் கலந்து பூச வேண்டும். ஒரு நாளாவது காயவிட்டு, ஓடும் ஆற்றில் அலசுவார்கள். ஓடும் நீரில் ஏன்? நூலில் ஒட்டாமல் மிஞ்சிய படிகாரம் அங்கே இங்கே போய் ஒட்டிக்கொண்டால் நிறம் தாறுமாறாக ஏறிவிடும். ஓடுகிற நீர் அதை உடனே அடித்துக்கொண்டு போய்விடும்.

கடைசியில் பானை. செப்புப் பானையில் நீர் ஊற்றி, சாயவேரோ மஞ்சிட்டியோ போட்டு, துணியையும் போட்டு, கோலால் புரட்டிக்கொண்டே மெல்லச் சூடேற்றுவார்கள். பானையில் இருப்பது ஒரே சாயம். ஆனால் வெளியே வரும் துணியில் படிகாரம் பட்ட இடம் சிவப்பு, இரும்பும் படிகாரமும் கலந்து பட்ட இடம் அரக்குப் பழுப்பு, இரும்பு மட்டும் பட்ட இடம் கறுப்பு. எதுவும் தடவாத இடத்தில் ஒட்டியிருக்கும் லேசான நிறம், மறுபடி சாண நீரும் வெயிலும் பட்டால் வெளுத்துவிடும். ஒரே வேர், ஒரே பானை, மூன்று நிறம்! அந்தச் செப்புப் பானைக்குப் பதிலாக இரும்புச் சட்டியை வைத்திருந்தால்? சட்டியிலிருந்து கரையும் இரும்பு சிவப்பையெல்லாம் மங்க அடித்திருக்கும்.

மஞ்சளுக்கு என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள். கடுக்காய்ப்பூவைப் படிகாரத்தோடு கொதிக்க வைத்த சாற்றைத் தூரிகையால் தீட்டுவார்கள். அது நிஜப்பூ இல்லை. கடுக்காய் மரத்தின் இலையைப் பூச்சி துளைத்ததால் உண்டாகும் வீக்கம்!

இந்த வித்தை எவ்வளவு பழையது? சிந்து சமவெளியின் மொகஞ்சதாரோவில் தோண்டியபோது ஒரு வெள்ளிக் குடத்தில் ஒட்டியிருந்த பருத்தித் துணித் துணுக்குகள் கிடைத்தன. 4,000 ஆண்டுகளுக்கும் முந்தைய அந்தத் துணியில் மஞ்சிட்டி வகைச் சாயம் ஏறியிருந்தது. பருத்தி நூலில் அந்தச் சாயம் ஏறி நின்றிருக்கிறது என்றால், நடுவில் கைகோத்துவிட ஓர் உலோகம் வேண்டும் என்பதை அப்போதே யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். ரோமாபுரியில் பிளினி என்று ஓர் அறிஞர் இருந்தார். எதைப் பார்த்தாலும், கேட்டாலும் எழுதி வைத்துவிடுவார். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோனார். எகிப்தியர்கள் நிறமில்லாத மருந்துகளைத் துணியில் தடவி, ஒரே சாயத்தில் முக்கி, பல நிறங்களாக எடுப்பதை அவர் ஆச்சரியத்தோடு எழுதியிருக்கிறார். பாவம், அவருக்கு அது மாயமாகத்தான் தெரிந்தது.

ஐரோப்பியர்களுக்கும் வெகுகாலம் வரை அது மாயம்தான். சோழமண்டலக் கரையிலிருந்து போன பூத்துணிகள் துவைக்கத் துவைக்கப் பளிச்சென்று இருப்பதைப் பார்த்து அங்கே எல்லாரும் அவற்றையே வாங்க ஆரம்பித்தார்கள். அந்த ஊர் நெசவாளர்கள் கூச்சல் போட்டார்கள். பிரான்ஸ் 1686-இல் அந்தத் துணிகளுக்குத் தடையே போட்டது. 1759 வரை தடை நீடித்தது. தடை போட்டால் ஆசை போய்விடுமா? ரகசியத்தை எப்படியாவது கற்றுக்கொள்ள ஆளனுப்பினார்கள். 1734 வாக்கில் பொலியூ என்ற பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி புதுச்சேரியில் சாயக்காரர்கள் பக்கத்திலேயே இருந்து, வேலை ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக் குறிப்புகளோடு சேர்த்து வைத்தார். அந்தத் துண்டுகள் இன்னமும் பாரிஸில் பத்திரமாக இருக்கின்றன. 1742-இல் கேர்தூ என்ற பாதிரியார் இந்தச் செய்முறையை நீண்ட கடிதமாகவே எழுதி அனுப்பினார். நம் ஊர்ச் சாயக்காரர்களின் பெயரை இருவருமே நமக்கு விட்டுவைக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

அதற்குப் பிறகு வேதியியலாளர்கள் களத்தில் இறங்கினார்கள். 1826-இல் பிரான்ஸில் ரோபிகே என்பவர் ஐரோப்பிய மஞ்சிட்டி வேரிலிருந்து அலிசரினைத் தனியே பிரித்தெடுத்தார். 1868-இல் ஜெர்மனியில் கிரேப, லீபர்மன் இருவரும் அதைச் செயற்கையாகவே செய்துவிட்டார்கள். எதிலிருந்து? நிலக்கரித் தாரில் கிடைக்கும் ஆந்த்ரசீன் என்ற பொருளிலிருந்து! மலிவாகத் தயாரிக்கும் வழிக்கு ஜெர்மானியர்கள் லண்டனில் காப்புரிமை கேட்டது 1869 ஜூன் 25. அதே வழியைத் தானாகவே கண்டிருந்த இங்கிலாந்துக்காரர் பெர்கின் விண்ணப்பித்தது ஜூன் 26. ஒரே ஒரு நாள்! அதன்பின் சில ஆண்டுகளிலேயே பிரான்ஸில் வேர் பயிரிட்ட விவசாயிகளின் பிழைப்பு போனது. இங்கே சாயவேர் தோண்டியவர்களுக்கும் அதே கதிதான்.

இப்போது கலம்காரிப் பட்டறைகள் பலவற்றில் பானைக்குள் போவது டப்பாவில் வரும் அலிசரின்தான். அது போலி என்று முகம் திருப்பிக்கொள்ள நான் தயாரில்லை. வேரில் இருக்கும் அலிசரினும் டப்பாவில் இருக்கும் அலிசரினும் அணுவுக்கு அணு ஒன்றேதான். ஆனால் வேரில் அது தனியாக இல்லை. கூடவே வேறு சில சாயப்பொருள்களும் கலந்திருக்கும். அதனால்தான் வேர்ச் சிவப்பு ஒவ்வொரு துணியிலும் கொஞ்சம் கொஞ்சம் மாறும். செடி வளர்ந்த மண்ணில் கிளிஞ்சல் சுண்ணாம்பு இருந்தால் சிவப்பு இன்னும் நன்றாக ஏறும். அலிசரின் சிவப்பு முழுசாகப் பிறக்க அலுமினியத்தோடு கொஞ்சம் கால்சியமும் துணைக்கு வேண்டும்.

நீங்களும் செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன், வீட்டில் பெரியவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிண்ணத்தில் வினிகர் ஊற்றி, துருப்பிடித்த ஆணிகள் சிலவற்றைப் போட்டு இரண்டு நாள் விட்டுவிடுங்கள். இறுக்கி மூட வேண்டாம், உள்ளே வாயு உண்டாகும். பால் சேர்க்காத கெட்டித் தேயிலை டிகாக்‌ஷனில் ஒரு வெள்ளைப் பருத்தித் துணியை முக்கி, பிழிந்து, காயப்போடுங்கள். தேயிலையிலும் டானின் வகைப் பொருள்கள் உண்டு. பிறகு ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஆணி ஊறிய நீரைத் தொட்டு, துணியில் உங்கள் பெயரை எழுதுங்கள். எழுத்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்க ஆரம்பிக்கும். கடுக்காய்ப் பொடி நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தால் இன்னும் நல்ல கறுப்பு வரும். பள்ளிச் சீருடையில் மட்டும் எழுதிப் பார்த்துவிடாதீர்கள், இது சோப்புக்குப் போகாது!

எழுதிய துணியைப் பத்திரமாக எடுத்து வைப்பதானால் ஒன்று தெரிந்திருக்கட்டும். லண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் இருநூறு, முந்நூறு வயதான சோழமண்டலத் துணிகள் இருக்கின்றன. அத்தகைய பழந்துணிகளில் சிவப்பு இன்னும் சிவப்பாகவே இருக்கும். கறுப்புக் கோடுகள் ஓடிய இடத்தில்தான் நூல் இற்று, பொத்தல் விழுந்திருக்கும். இரும்பு சும்மா இருப்பதில்லை. காற்றும் ஈரமும் கிடைத்தால் பருத்தியின் நாரை மெல்ல மெல்ல அரித்துக்கொண்டே இருக்கும். அலுமினியத்துக்கு அந்தக் கெட்ட பழக்கம் இல்லை. உங்கள் பாட்டியின் பெட்டியில் பழைய கலம்காரி ஏதாவது இருந்தால் கறுப்புக் கோடுகள் மேல் மடிப்பு விழாமல் பார்த்து மடித்து, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.